சர்வர் ஓடுகிறது, கோப்பு திறக்கவில்லை: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் நாஸ் இணைப்புச் சிக்கல்

பின்னணி

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகம் இது. சீனியர் ஆடிட்டர் ஒருவர், அவருடைய கூட்டாளி, கணக்கு எழுதும் ஊழியர்கள், ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் மாணவர்கள் ஆகியோர் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஒன்பது கணினிகள். 2025 மே மாதம் இந்தச் சிக்கல் எழுந்தபோது நான்கில் விண்டோஸ் 10, ஐந்தில் விண்டோஸ் 11 புரோ இருந்தன. எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது. சிறு அலுவலகங்களில் வழக்கமாக இருப்பதைப் போல ஒரே வொர்க்குரூப்.

எல்லாருக்கும் பொதுவாக நான்கு டிஸ்க் கொண்ட நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதைச் 'சர்வர்' என்றே சொல்வார்கள். அதில் மூன்று ஷேர்கள், அதாவது நெட்வொர்க் வழியாகத் திறக்கும் பொதுக் கோப்புறைகள்: வாடிக்கையாளர்களின் கணக்குத் தரவு ஒன்றில், காப்பியரிலிருந்து வரும் ஸ்கேன்கள் இன்னொன்றில், முந்தைய ஆண்டுகளின் கோப்புகள் மூன்றாவதில். கணக்கு மென்பொருள் அவரவர் கணினியில் நிறுவப்பட்டிருந்தாலும் தரவு முழுவதும் நாஸில்தான். மூலையில் இருந்த ஒரு கணினி இரவு நேரத்தில் நாஸின் கணக்குத் தரவை யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுக்கும்.

நாஸை நிறுவிக் கொடுத்தவர் மூன்று ஷேர்களுக்கும் விருந்தினர் நுழைவைத் திறந்து வைத்திருந்தார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்காது, நேராகத் திறக்கும். அந்த நாளில் அது வசதியாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. இந்த நிகழ்வு முழுவதும் அந்த ஒரு தேர்வைச் சுற்றித்தான் நடக்கிறது.

புகார் வந்த விதம்

இத்தகைய சிக்கல்களைச் சரிசெய்யும் என்னை அழைத்தபோது அலுவலகத்தில் மூன்று கணினிகளில் நாஸ் திறக்கவில்லை. மூன்றும் ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் ஒன்று, சில நாள் கழித்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. மற்ற ஆறும் வழக்கம்போல வேலை செய்தன. மாதத்தின் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய நெருக்கடி வேறு.

ஒவ்வொன்றாக நின்றதால் எல்லாரும் கேபிள், ஸ்விட்ச் போர்ட் என்றே நினைத்தார்கள். வழக்கமாக வரும் ஹார்டுவேர்காரர் கேபிளை மாற்றினார், ஸ்விட்சை அணைத்துப் போட்டார், நாஸையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்தார். பலனில்லை. பிறகு இணையத்தில் பார்த்த ஒரு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகளின் பட்டியல்) மாற்றத்தை, பாதுகாப்பில்லாத விருந்தினர் நுழைவை அனுமதிக்கும் மாற்றத்தை, ஒரு கணினியில் மட்டும் செய்திருந்தார். அதிலும் நாஸ் திறக்கவில்லை. ஆனால் திரையில் வந்த பிழைச் செய்தி மாறிவிட்டது. அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும்.

செய்திகள் மூன்று கணினியிலும் மூன்று விதம். நாஸின் ஷேரை இசட் டிரைவாக இணைத்திருந்த கணினியில் 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்று வந்தது. நேரடியாக நாஸின் பெயரைத் தட்டிய கணினியில், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் விருந்தினர் நுழைவைத் தடுக்கின்றன என்ற பொருளில் ஒரு செய்தி. ரெஜிஸ்ட்ரி மாற்றிய கணினியில் 'விருந்தினர்' என்ற பேச்சே இல்லை, நீளமான ஒரு பிழை எண் மட்டும்.

இரண்டாவது செய்தி அலுவலகத்தில் ஒரு மனவருத்தத்தையே உண்டாக்கிவிட்டது. அந்தக் கணினியில் உட்காரும் மாணவர், 'நிறுவனத்தின் விதி' என்றதும் சீனியர்தான் தன்னைத் தடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். "நான் என்ன தப்பு பண்ணேன்னு சார்கிட்ட கேக்கவும் தயக்கமா இருந்துச்சு அண்ணா" என்றார். வொர்க்குரூப்பில் இருக்கும் கணினியில் அப்படி எந்த நிறுவன விதியும் போடப்பட்டிருக்காது. விண்டோஸின் சொந்த இயல்பு அமைப்புதான் அந்த வார்த்தைகளில் பேசுகிறது. இதைச் சீனியர் முன்னிலையிலேயே விளக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

பாதை திறந்திருக்கிறதா என்ற சோதனை

முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. திறக்காத கணினியிலிருந்து நாஸுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போனது. பிங் போவதால் பெரிதாக எதுவும் உறுதியாவதில்லை. ஷேர்களைத் திறக்கும் எஸ்எம்பி நெறிமுறை டிசிபி 445ஆம் போர்ட்டில் பேசுகிறது. அந்தப் போர்ட்டைத் தனியாகச் சோதித்துப் பார்க்க பவர்ஷெல்லில் ஒரே கட்டளை போதும். மூன்று கணினியிலிருந்தும் 445 திறந்திருப்பதாக வந்தது. கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால் மூன்றும் அதோடு விலகிவிட்டன.

பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைத் தட்டியும் பார்த்தேன். அதே செய்தி. ஆகவே பெயரை முகவரியாக மாற்றுவதிலும் பிரச்சினை இல்லை.

அடுத்து நாஸைத் தொடாமல் ஒன்பது கணினியையும் ஒரு தாளில் எழுதினேன். விண்டோஸ் பதிப்பு, யார் பெயரில் லாகின், நாஸுக்குப் போகும் பாதையை எப்படி எழுதியிருக்கிறார்கள், கடைசியாகப் பெரிய அப்டேட் எப்போது வந்தது. இந்தத் தாளை எழுதச் சலிப்பாக இருக்கும், ஆனால் என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட நாஸ் சிக்கல்கள் இதிலேயே பிடிபடும். 'சர்வருக்கு என்ன ஆச்சு' என்று கேட்டுக்கொண்டிருந்தால் சர்வரையே சுற்றிச் சுற்றி வருவோம். நாஸில் சேர முடிகிற கணினிக்கும் சேர முடியாத கணினிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் தாளிலேயே கிடைத்துவிடும்.

கிடைத்தது. திறக்காத மூன்றும் விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு மாறியவை. மற்ற இரண்டு விண்டோஸ் 11 கணினிகளுக்கு அந்த அப்டேட் இன்னும் வந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக நின்றதற்கும் காரணம் அதுதான். அப்டேட் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு நாளில் வந்திருந்தது.

அதே தாளில் இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு அது முதலாவதைவிடப் பெரிய கவலையைத் தந்தது. இரவில் நகலெடுக்கும் மூலைக் கணினிதான் அந்த மூன்றில் முதலில் 24எச்2-க்கு மாறியது. அதன் பேக்கப் மென்பொருளைத் திறந்து பதிவைப் பார்த்தால், அப்டேட் வந்த இரவிலிருந்து ஒவ்வொரு நாளும் தோல்வி. பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி அமைக்கப்படவில்லை, பதிவை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. அது நகலெடுக்கும் இரவு நேரத்தில் புகார் கொடுக்க ஆள் கிடையாது.

எனவே மற்ற எதையும் தொடும் முன், நாஸைத் திறக்க முடிந்த ஒரு விண்டோஸ் 10 கணினி வழியாகக் கணக்குத் தரவு முழுவதையும் ஒரு புது யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்தோம். அது முடியும்வரை வேறு வேலை இல்லை என்று சீனியரிடம் சொன்னேன். 20ஆம் தேதி நெருங்கும் நேரத்தில் அவர் அதற்கு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

யார் என்று சொல்லி உள்ளே போனார்கள்

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் எஸ்எம்பி கிளையண்டுக்கு, அதாவது ஷேரைத் திறக்கும் பக்கத்துக்கு, தனியே ஒரு பாதுகாப்புப் பகுதி உண்டு. அதில் 31017 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள் இருந்தன. பாதுகாப்பில்லாத விருந்தினர் நுழைவு நிராகரிக்கப்பட்டது என்பது அந்த எண்ணின் பொருள். கூடவே பயனர் பெயரும் நாஸின் பெயரும். இதைப் பார்த்த பிறகு ஊகத்துக்கு இடமில்லை. கட்டளைச் சாளரத்தில் நெட் யூஸ் என்ற கட்டளையைக் கொண்டு இணைத்துப் பார்த்தபோது வந்த 1272 என்ற பிழை எண்ணும் அதையே சொன்னது.

நாஸின் இணைப்புப் பதிவைத் திறந்தால், எல்லா வரியிலும் 'கெஸ்ட்'. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாஸ்களுக்குள் இருப்பது லினக்ஸும், விண்டோஸ் கணினிகளுக்கு ஷேர்களைத் திறந்து கொடுக்கும் சாம்பா என்ற மென்பொருளும். விண்டோஸ் கணினி ஒரு ஷேரைத் திறக்கும்போது கேட்காமலேயே தன் லாகின் பெயரை அனுப்பிப் பார்க்கும். அந்தப் பெயரில் நாஸில் கணக்கு இல்லையென்றால் மறுத்துவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் தெரியாத பெயரில் வருபவரை விருந்தினராக மாற்றி உள்ளே விடும் அமைப்பு ஒன்று சாம்பாவில் உண்டு. இந்த நாஸில் அது இயங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஊழியர்கள் எல்லாரும் தங்கள் பெயரில் உள்ளே போவதாக நினைத்திருந்தார்கள். நாஸ் அவர்களை ஒரே பெயரில்லாத ஆளாகவே பார்த்தது.

24எச்2-இல் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, புரோ பதிப்பில், பெயர் ஏற்கப்படாதபோது விருந்தினராக நுழைந்துகொள்ளும் வழி இயல்பாகவே மூடப்பட்டது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் அது விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்தே மூடியிருந்தது. இரண்டு, எஸ்எம்பி இணைப்பில் கையொப்பம் கட்டாயமானது. போகும் வரும் ஒவ்வொரு செய்தியும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்ட பத்திரம்போல, ஒரு கணித முத்திரையோடு போக வேண்டும். நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அதுதான் சான்று. அந்த முத்திரைக்கான சாவி பயனரின் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை, ஆகவே சாவி இல்லை, சாவி இல்லாமல் கையொப்பமும் இல்லை.

ஹார்டுவேர்காரர் மாற்றிய ரெஜிஸ்ட்ரி முதல் தடையை மட்டும் நீக்கியது. இரண்டாவது அப்படியே நின்றது. செய்தி மாறியது அதனால்தான். பிழைச் செய்தி மாறினால் 'இன்னும் சரியாகவில்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒன்றைக் கடந்து அடுத்ததில் நிற்கிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவெடுத்தது

வழிகள் இரண்டு. ஒவ்வொரு கணினியிலும் விருந்தினர் நுழைவை அனுமதித்து, கையொப்பக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. அல்லது நாஸில் அவரவருக்குக் கணக்கு போட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வைப்பது. இதற்கு அலுவலகம் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

கூட்டாளி முதல் வழியையே விரும்பினார். "ஃபைலிங் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அவர் வாதம், நியாயமான வாதம்தான். நான் அவர் முன்னாலேயே என் செல்போனை அலுவலக வைஃபையில் சேர்த்தேன். அதன் கடவுச்சொல் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையின் சுவரிலேயே ஒட்டியிருந்தது. போனில் இருந்த சாதாரணக் கோப்பு மேலாளர் செயலியில் நாஸின் முகவரியைத் தட்டினேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் கணக்குத் தரவு ஷேர் திறந்தது. ஸ்கேன் ஷேரில் முதல் பக்கத்திலேயே பான் அட்டை, ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் என்று வரிசை. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் இதைச் செய்திருக்கலாம், அழித்தும் இருக்கலாம்.

அதன்பின் வாதம் நீளவில்லை. பட்டயக் கணக்காளர் சட்டம், 1949-இன் இரண்டாம் அட்டவணைப்படி, வாடிக்கையாளர் தகவலை அவர் சம்மதமில்லாமல் பிறருக்கு வெளிப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம். அதைச் சீனியரே எடுத்துச் சொன்னார். என் தரப்பிலிருந்து சொல்ல ஒரே விஷயம் இருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிய இருந்தது. அப்போது வேலை செய்துகொண்டிருந்த அந்த நான்கு கணினிகளும் சீக்கிரமே மாறத்தான் வேண்டியிருந்தது. கணினிகளைத் தளர்த்திக்கொண்டே போவதைவிட நாஸைச் சரி செய்வதுதான் நிலைக்கும்.

ஆனால் 20ஆம் தேதி தாக்கல் நிற்கக் கூடாது. அதற்கு எடுத்த முடிவு எளிது: திறக்காத மூன்று கணினிக்காரர்களும் திறக்கிற கணினிகளில் மாற்றி மாற்றி உட்காருவது. தேவையான கணக்குகளை மட்டும் அந்தக் கணினிகளுக்கு நகலெடுத்துக் கொடுக்கலாமே என்ற யோசனையும் வந்தது. அதை மறுத்தேன். ஒரே வாடிக்கையாளரின் கணக்கு இரண்டு இடத்தில் இருந்து, இரண்டிலும் பதிவு போட்டுவிட்டால், பிறகு எது சரி என்று பிரித்தெடுப்பது இந்த இணைப்புச் சிக்கலைவிடப் பெரிய வேலை. இடநெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் தாக்கலை முடித்தார்கள்.

மாற்றம் செய்த நாள்

தாக்கல் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்தோம். நாஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, பிறகு ஆடிட்டர்கள், ஊழியர்கள், மாணவர்கள் என்று மூன்று குழு. உரிமைகளைக் குழுவுக்குத்தான் கொடுத்தோம், தனி ஆளுக்கு அல்ல. மாணவர்கள் பயிற்சி முடிந்து போவார்கள், புதியவர்கள் வருவார்கள். குழு என்றால் ஆளை எடுத்துச் சேர்த்தால் போதும். நாஸின் எஸ்எம்பி அமைப்பில் சர்வர் கையொப்பம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அதை இயக்கினோம். விருந்தினர் நுழைவையும், தெரியாத பெயரை விருந்தினராக மாற்றும் அமைப்பையும் மூடினோம்.

இதன்பின் கணினி கணினியாகச் சேர்க்கத் தொடங்கியபோது சிறு சிறு தடைகள் வந்தன.

முதல் தடை 'பின்' எண் (PIN). எல்லாரும் விண்டோஸில் நான்கு இலக்கப் பின் போட்டு நுழைந்து பழகியவர்கள். நாஸ் கடவுச்சொல் கேட்டதும் அதே பின்னைத் தட்டினார்கள். பின் என்பது அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க்கில் அது யாருக்கும் தெரியாது. ஒரு மாணவர் திரும்பத் திரும்பத் தட்டியதில் நாஸ் அவருடைய கணினியின் முகவரியையே சிறிது நேரம் தடுத்துவிட்டது. அதுவும் ஒரு 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' செய்தியாகத்தான் திரையில் வந்தது. இந்தச் செய்தி எத்தனை காரணங்களுக்கு வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது, 1219 என்ற பிழை. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது. இன்னும் விருந்தினர் இணைப்பு உயிரோடு இருந்த கணினிகளில் புதுப் பெயரில் நுழையப் பார்த்தபோது இது வந்தது. நெட் யூஸ் கொண்டு பழைய இணைப்புகளை எல்லாம் நீக்கி, ஒருமுறை லாக்ஆஃப் செய்து வந்தால் சரியானது. விண்டோஸின் அடையாளச் சான்று மேலாளரில் தங்கியிருந்த பழைய பதிவுகளையும் அழித்தோம்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நாஸைப் பெயரால் கூப்பிடுவதும் ஐபி முகவரியால் கூப்பிடுவதும் விண்டோஸுக்கு இரண்டு வேறு சர்வர்கள். 1219 வந்தால் பெயருக்குப் பதில் ஐபியைத் தட்டினால் திறந்துவிடும், உடனே 'சரியாகிவிட்டது' என்று போய்விடுவார்கள். சேமித்து வைத்த கடவுச்சொல்லும் எந்தப் பெயரில் சேமித்தோமோ அதற்கு மட்டும்தான் செல்லும். இந்த அலுவலகத்தில் கணக்கு மென்பொருளின் தரவுப் பாதை ஒரு கணினியில் ஐபி, இன்னொன்றில் நாஸின் பெயர், மற்றதில் இசட் டிரைவ் என்று இருந்தது. ஒன்பதிலும் நாஸின் பெயரை வைத்தே பாதை எழுதுவது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் மாற்றினோம்.

மூன்றாவது தடைதான் நேரத்தை விழுங்கியது. எல்லாரும் அவரவர் பெயரில் நுழைந்தார்கள், ஷேர் திறந்தது, கோப்புகள் தெரிந்தன. ஆனால் கணக்கு மென்பொருளைத் திறந்தால் சில வாடிக்கையாளர்களின் கணக்குகள் திறக்கவில்லை. புதிதாக ஒரு கோப்பை உருவாக்க முடிகிறது, இருப்பதைச் சேமிக்க முடியவில்லை. நாஸில் உரிமைகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அதுவரை எல்லாக் கோப்புகளையும் உருவாக்கியவர் விருந்தினர், எனவே லினக்ஸ் பார்வையில் உரிமையாளரும் அவரே. மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். ஷேர் அளவில் எழுதும் உரிமை கொடுத்தாலும், கோப்பு அளவில் அது இல்லையென்றால் இரண்டில் இறுக்கமானதுதான் செல்லும். கணக்கு மென்பொருளோ படிக்க மட்டும் கோப்பைத் திறப்பதில்லை, எழுதவும் சேர்த்தே திறக்கும், கிடைக்காவிட்டால் கணக்கே இல்லை என்பதுபோல் காட்டும்.

உட்கோப்புறைகள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் உரிமையைப் புதிதாக இடும் வசதியை நாஸின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலிருந்தே ஓட்டினோம். பல ஆண்டுகளின் சிறு சிறு கோப்புகள் என்பதால் அது இரவுவரை ஓடியது. அது ஓடும்போது யாரும் எதையும் திறக்கக் கூடாது என்பதற்காகவே விடுமுறை நாளைத் தேர்ந்திருந்தோம்.

பேக்கப் கணினி

மூலைக் கணினியில் கடவுச்சொல் கொடுத்து நாஸைத் திறந்து பார்த்தோம், திறந்தது. ஆனால் பேக்கப் மென்பொருளைச் சோதித்தால் மறுபடி தோல்வி. பலரைக் குழப்பும் இடம் இது. திரையில் நாம் பார்ப்பது நம்முடைய லாகினின் இணைப்பு. பேக்கப் மென்பொருளின் சேவை ஓடுவது கணினியின் சிஸ்டம் கணக்கில். நாம் சேமித்த கடவுச்சொல் அதற்குத் தெரியாது, நம் இசட் டிரைவ் அதன் கண்ணில் படாது. முன்பு விருந்தினர் நுழைவு இருந்ததால் அது யாராக வந்தாலும் உள்ளே போயிற்று.

நாஸில் பேக்கப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, கணக்குத் தரவைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் மென்பொருளின் அமைப்புக்குள்ளேயே பதிந்தோம். டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு முழுப் பாதையை எழுதினோம். எழுதும் உரிமை வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. அந்தக் கணினியில் நச்சு நிரல் புகுந்தாலும் இந்தக் கணக்கை வைத்து நாஸில் உள்ளதைக் கெடுக்க முடியாது. தோல்வி வந்தால் சீனியருக்கும் கூட்டாளிக்கும் மின்னஞ்சல் போகும்படி அமைத்து, வேண்டுமென்றே ஒருமுறை தோற்க வைத்து, மின்னஞ்சல் வந்ததைப் பார்த்த பிறகே எழுந்தோம்.

காப்பியர்

திங்கள்கிழமை காலை ஸ்கேன் வேலை செய்யவில்லை. எதிர்பார்த்ததுதான், ஆனால் எந்த அளவுக்கு என்பது அன்றுதான் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த பழைய காப்பியர், ஷேருக்கு ஸ்கேன் அனுப்ப எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே பேசக்கூடியது. அதன் ஃபர்ம்வேருக்கு (இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருளுக்கு) புதுப்பிப்பு எதுவும் இல்லை. அதற்காகவே நாஸில் முதல் பதிப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. அதை ஞாயிறன்று மூடியிருந்தோம்.

அதை மறுபடி திறக்கச் சொல்லி, காப்பியரை வாடகைக்குக் கொடுத்தவர் கேட்டார். மறுத்தோம். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வானாக்ரை என்ற நச்சு நிரல் பரவியது எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், போடாத கணினிகள் விழுந்தன. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்தே அந்தப் பழைய நெறிமுறையை இயல்பு நிறுவலிலிருந்து விலக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு காப்பியருக்காக முழு நாஸையும் அந்த நிலையில் வைப்பது சரியல்ல.

காப்பியருக்கு எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் நெறிமுறை தெரியும். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது, அதுவும் குறைதான். ஆனால் அந்தக் குறையை ஒரு மூலைக்குள் அடைக்க முடியும். ஸ்கேன் கோப்புறையில் மட்டும் எழுதக்கூடிய தனிக் கணக்கு, வேறெங்கும் செல்லாத கடவுச்சொல், காப்பியரின் முகவரியிலிருந்து மட்டும் எஃப்டிபியை ஏற்கும்படி நாஸின் ஃபயர்வாலில் ஒரு விதி. கசிந்தாலும் இழப்பு ஒரு கோப்புறையோடு நிற்கும். வந்த ஸ்கேன்களை அன்றன்றைக்கே வாடிக்கையாளர் கோப்புறைக்கு நகர்த்த வேண்டும் என்பதை அலுவலக வழக்கமாக்கினார் சீனியர்.

வைஃபையையும் அன்றே பிரித்தோம். சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் இப்போது வேறொரு நெட்வொர்க்கினுடையது. அதிலிருந்து நாஸுக்கு வழி கிடையாது.

பிறகு நடந்தவை

முதல் வாரத்தில் இரண்டு கூக்குரல் வந்தன. எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்பதை அழுத்தினால் நாஸ் தெரியவில்லை என்பது ஒன்று. பழைய முறையில் அக்கம்பக்கக் கணினிகளைப் பட்டியலிடுவது எஸ்எம்பி முதல் பதிப்பைச் சார்ந்தது. அது போனதும் பட்டியலிலிருந்து நாஸும் போய்விட்டது. இணைப்பு போகவில்லை, பாதையைத் தட்டினால் திறக்கும். நாஸில் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற புதிய அறிவிப்பு முறையை இயக்கியதும் மறுபடி பட்டியலில் வந்தது. கூடவே எல்லாருடைய டெஸ்க்டாப்பிலும் ஒரு ஷார்ட்கட் வைத்தோம்.

இரண்டாவது, ஒரு மாலை மின்தடைக்குப் பிறகு ஸ்கேன் நின்றது. ரவுட்டர் மறுபடி எழுந்தபோது காப்பியருக்கு வேறு ஐபி கிடைத்திருந்தது. ஃபயர்வால் விதி பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தது. ரவுட்டரில் காப்பியருக்கும் நாஸுக்கும் முகவரியை நிலையாக ஒதுக்கிய பிறகு அது திரும்ப வரவில்லை.

பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. இந்த நாஸின் செயலி பழையது, ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கணக்கிடுவது அதற்குச் சுமை. கணக்கு மென்பொருளின் அன்றாட வேலையில் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் கையொப்பத்தை அணைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

மீதி இரண்டு விண்டோஸ் 11 கணினிகளுக்கும் 24எச்2 வந்தது. அவை எந்தச் சிக்கலும் இல்லாமல் நாஸைத் திறந்தன. நாஸின் பதிவில் இப்போது ஒவ்வொரு வரியிலும் ஆள் பெயர் இருக்கிறது. ஒரு கோப்புறை தவறுதலாக வேறிடத்துக்கு இழுத்துப் போடப்பட்டபோது, யார் எப்போது என்று பார்த்துச் சில நிமிடங்களில் திரும்ப வைக்க முடிந்தது.

இதே வேலை மறுபடி வந்தால்

காப்பியரை ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலிலேயே சேர்ப்பேன். நாஸோடு பேசும் எதுவும் கிளையண்ட்தான்: காப்பியர், சிசிடிவி ரெக்கார்டர், டிவி, ஆளில்லாமல் ஓடும் பேக்கப் சேவை. கணினிகளின் தாளிலேயே இவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். எந்த எஸ்எம்பி பதிப்பு பேசுகிறது, எந்தப் பெயரில் நுழைகிறது என்று. நாஸின் இணைப்புப் பதிவை ஒரு வாரம் கவனித்தால் யார் யார் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும், அதன் பிறகு மூடத் தொடங்கலாம்.

கோப்பு உரிமைகளை மாற்றுவதைக் கணக்குகள் உருவாக்கும் நாளுக்கு முந்தைய இரவே ஓடவிடுவேன். கடவுச்சொல் என்றால் பின் அல்ல என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாஸ் பயனர் பெயரோடு சேர்த்து ஒவ்வொருவர் கையிலும் முன்பே கொடுப்பேன். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் பெரிய அப்டேட் ஒரே சமயத்தில் போகாமல், ஒரு கணினியை முன்னால் விட்டு அதில் நாஸ், காப்பியர், பேக்கப் மூன்றையும் சோதிக்கும் வழக்கத்தை இப்போது அங்கே வைத்திருக்கிறோம்.

எஃப்டிபி மட்டும் இன்னும் மனதுக்கு ஒப்பாத ஏற்பாடுதான். காப்பியரின் வாடகை ஒப்பந்தம் முடியும்போது, எஸ்எம்பியின் மூன்றாம் பதிப்பு பேசும் இயந்திரம்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். சீனியர் அதை மேசை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.